தாய் உண்டதும் சேய் உண்டதும்

"சாமி, ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் பால் நன்றாக ஊறுமா?" மேல்பட்டாம்பாக்கத்திலும் பெண்ணையாற்றங்கரைச் சிற்றூர்களிலும் கருவுற்ற பெண்களின் தாய்மார் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. குருமடத்தில் நாம் பயின்றவை மெய்யியலும் இறையியலுமே. ஆதலால் கேட்பவரை மருத்துவரிடமும் கிராம செவிலியரிடமும் அனுப்பிவைப்பதே நம் வழக்கம். ஆயினும் இக்கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதன் பெரும்பகுதி நம் தென்னாட்டிலேயே, குன்னூரிலும் சென்னையிலும் வேலூரிலும் பெங்களூரிலும் நிகழ்ந்தது. நம் வீட்டுப் பெண்களின் உடலைப் பற்றிய அவ்வரலாற்றை நம்மில் பலர் அறியோம். அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டிமார் அறிந்தவை

தாய் உண்பது பாலில் சேரும் என்பதை நம் முன்னோர் எந்த ஆய்வுக்கூடத்தின் துணையுமின்றி அறிந்திருந்தனர். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் வெந்தயக் களியும் கொடுத்தனர். சுக்கும் திப்பிலியும் பனைவெல்லமும் சேர்த்துக் கிண்டிய மருந்தை உருண்டையாக்கி ஊட்டினர். கடலூர்த் துறையில் கரையேறிய மீன் கூடைக்காரப் பெண்களின் தலைச்சுமையாக உள்ளூர்களை எட்டிய காலத்தில், பேறுகால வீட்டின் வாசலில் அக்கூடை கட்டாயம் இறக்கப்பட்டது.

இம்மரபுக்கு நிழலான ஒரு பக்கமும் உண்டு. வயிற்றுப் பிள்ளை பெருத்துவிட்டால் பேறு கடினமாகும் என்று அஞ்சிக் கருவுற்றவளின் சோற்றைக் குறைத்தவர்கள் பலர். பத்தியம் என்ற பெயரால் காயும் கனியும் விலக்கப்பட்ட வீடுகளும் பல. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டார் அனைவரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை உண்பதே மருமகளுக்கு அழகு என்று கருதப்பட்டது. வளைகாப்பு நாளில் ஐந்து வகைச் சோறு கட்டி மகளுக்கு ஊட்டிய அன்னைக்கு, மறுநாள் முதல் புகுந்த வீட்டில் அவள் என்ன உண்பாள் என்று கேட்கும் உரிமை இருந்ததில்லை.

தாயின் உணவிலிருந்து எது பாலுக்குப் போகிறது, எது போவதில்லை, உணவு குறைந்தால் இழப்பு யாருக்கு என்பவற்றை மரபு வகுத்துச் சொல்லவில்லை. அவற்றை உலகம் கற்றுக்கொண்டது குழந்தைகளின் சாவிலிருந்துதான்.

அரிசி சொன்ன செய்தி

முதல் பாடம் பெரிபெரி என்ற நோயிலிருந்து வந்தது. அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட நாடுகளில் கைகால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மக்களை மாய்த்த நோய் அது. ஜப்பானில் ஹிரோட்டா என்னும் மருத்துவர், அந்நோயுற்ற தாய்மாரிடம் பால் குடித்த குழந்தைகள் நோயுறுவதையும், அப்பாலை நிறுத்தினால் தேறுவதையும் கண்டு 1898இல் எழுதினார். பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் ஆண்ட்ரூஸ் என்னும் மருத்துவர், பெரிபெரியால் குழந்தையை இழந்த தாய்மாரின் பாலை நாய்க்குட்டிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். அவையும் நோயுற்றன. இது வெளியான ஆண்டு 1912. அதே காலத்தில் அங்கே பணியாற்றிய பிற ஆய்வாளர்கள், அரிசித் தவிட்டிலிருந்து எடுத்த சாற்றைச் சில துளிகள் புகட்டியபோது சாகக் கிடந்த குழந்தைகள் பிழைத்தெழுந்தன.

பார்வைக்கு அந்தப் பாலில் குறையேதும் இல்லை. வெண்மையாகவும் போதிய அளவாகவும் சுரந்தது. தாயரிற் பலர் தம்மை நோயாளிகளாக உணரவுமில்லை. ஆயினும் தவிட்டோடு போய்விட்ட ஒரு நுண்சத்து அப்பாலில் இல்லாததால், இரண்டு முதல் ஐந்து திங்கள் வரையுள்ள கொழுத்த குழந்தைகள் திடீரென மூச்சுத் திணறி இறந்தன. அச்சத்தே தயமின் எனப்படும் வைட்டமின் பி1. அது 1926இல் பிரித்தெடுக்கப்பட்டு, 1936இல் செயற்கையாக ஆக்கப்பட்டது.

இந்தியாவில் இந்நோயை ஆராய இராபர்ட் மெக்காரிசன் 1918இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாயிற்று. அவருக்குப்பின் 1935 முதல் அதை நடத்திய அய்க்ராய்டும் அவருடைய துணைவர்களும், சென்னை மாகாணத்தில் பெரிபெரி ஏன் ஒரு பகுதியில் மட்டும் நிலைத்திருக்கிறது என்று ஆராய்ந்தனர். அரிசி உண்பது மாகாணம் முழுவதும் பொது. நோயோ வடசர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களிலேயே மிகுந்திருந்தது. அப்பகுதியில் குழந்தைகள் இறப்பது பற்றி அய்க்ராய்டும் கிருஷ்ணனும் 1941இல் தனியே ஒரு கட்டுரையும் வெளியிட்டனர்.

விடை நெல் அவிக்கும் அண்டாவில் இருந்தது. தெலுங்குக் கடற்கரையில் மக்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழ் மாவட்டங்களில் பெரும்பாலோர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் அருகிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அதில் பெரும்பங்கு எஞ்சுகிறது. பச்சரிசியிலோ தீட்டும்போதே போய்விடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி கழுநீரோடும், மற்றொரு பகுதி வடித்த கஞ்சியோடும் மாட்டுத்தொட்டியைச் சேர்கிறது. நம் தென்னார்க்காட்டுப் பாட்டிமார் நெல் அவித்தது வைட்டமினை எண்ணியன்று. ஆயினும் அவர்கள் அவித்த நெல், எத்தனையோ குழந்தைகளைத் தாயின் பால் வழியாகக் காத்தது.

மார்மைட்டும் ஒரு மருத்துவப் பெண்மணியும்

இரண்டாம் பாடம் கருவுற்ற பெண்களின் இரத்தசோகையிலிருந்து கிடைத்தது. இலண்டனில் மருத்துவம் பயின்ற லூசி வில்ஸ் என்னும் பெண்மணி 1928இல் பம்பாய் வந்தார். கருக்காலத்தில் பெண்கள் வெளிறி, வீங்கி, பேறுகாலத்தில் இறப்பது அந்நகரத்து ஏழைகளிடையே, சிறப்பாக ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில், மிகுந்திருந்தது. அவர் பெண்களின் வீட்டு உணவைக் கணக்கெடுத்தார். மெக்காரிசனின் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா மருத்துவமனை எனப்பட்ட பெண்கள் மருத்துவமனையிலும் தம் பணியைத் தொடர்ந்தார். இன்று அது கஸ்தூர்பா காந்தி பெயரால் வழங்கும் தாய்சேய் மருத்துவமனை.

விலையுயர்ந்த ஈரல் சாற்றுக்கு மாற்றாக, ஈஸ்ட் நொதியிலிருந்து எடுத்த மார்மைட் என்னும் மலிவான கருநிறக் களிம்பை அவர் நோயுற்ற பெண்களுக்குக் கொடுத்தார். சில நாள்களிலேயே இரத்தம் ஊறத் தொடங்கியது. 1931இல் இதை அவர் வெளியிட்டபோது அதிலிருந்த சத்துக்குப் பெயர்கூட இல்லை. 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபின் அது போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1940களின் நடுவில் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் அதைச் செயற்கையாக ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். தம் உடன்பிறந்தாரை ஸ்புரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்நோயையும் தணிக்கும் பொருளாகவே அவர் ஆக்கிய அமிலம் விளங்கிற்று. 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கருவுறுமுன்னும் தொடக்க வாரங்களிலும் தாய் இதை உட்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடு பெருமளவு தவிர்க்கப்படும் என்று நிறுவியது. கருவுற்ற பெண்கள் இன்று உண்ணும் மாத்திரையின் ஒரு பாதி இவ்வாறு பம்பாயிலும் சென்னையிலும் நலிந்துகிடந்த ஏழைப் பெண்களின் கட்டிலருகே பிறந்தது.

குன்னூரில் அளந்த பால்

நாடு விடுதலை பெற்றபின், சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் கற்ற டாக்டர் சி. கோபாலன் குன்னூரில் தாய்ப்பாலையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டார். வறுமையில் வாடும் தாய் எவ்வளவு பால் தருகிறாள்? அதன் தரம் என்ன? 1958இலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் அவரும் பவானி பெலவாடியும் வெளியிட்ட முடிவுகள் மருத்துவ உலகை வியக்கச் செய்தன.

அரைவயிறு உண்ட அத்தாய்மார் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 முதல் 600 மில்லிலிட்டர் வரை பால் தந்தனர். ஓராண்டுக்கு மேலும் தந்தனர். அப்பாலின் புரதமும் சர்க்கரையும் வயிறார உண்ணும் மேலைநாட்டுப் பெண்களின் பாலுக்கு ஏறக்குறைய நிகராக இருந்தன. தாய்க்குப் புரத உணவைக் கூட்டியபோது பாலின் அளவு சற்றே உயர்ந்தது. புரதச் செறிவு மாறவில்லை. குறைந்திருந்தவை சில வைட்டமின்களே. 

இம்முடிவை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். உணவு குறைந்தபோதும் பால் குறையவில்லை என்றால், அப்பாலுக்கு வேண்டியது எங்கிருந்து வந்தது? தாயின் தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் குருதியிலிருந்தும் வந்தது. சுண்ணாம்புச்சத்து உணவில் இல்லையேல் எலும்பு கரைந்து பாலுக்குப் போகிறது. போலிக் அமிலமும் இரும்பும் அவ்வாறே. குழந்தை தன் பங்கைப் பெற்றுவிடுகிறது. கணக்கில் குறைவது தாய். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று, பாலூட்டி, நாற்பது வயதுக்குள் கூன் விழுந்த பெண்களை நம் சிற்றூர்கள் நிறையக் கண்டிருக்கின்றன. அதை முதுமை என்றும் விதி என்றும் பெயரிட்டுக் கடந்துவிட்டோம்.

வேலூர்க் குழந்தைகள்

தாய் தன்னைக் கரைத்துக் கொடுப்பதற்கும் எல்லை உண்டு என்பதை வேலூர் காட்டியது. நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்துத் திண்டிவனத்தில், பேறுகாலத்தில் பெண் மருத்துவரின்றி மாண்ட இளம்பெண்களைக் கண்டு மருத்துவரானவர் ஐடா ஸ்கடர். அவர் வேலூரில் நிறுவிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1950களின் இறுதியில் குழந்தை மருத்துவர்கள் புதிரான சில குழந்தைகளைக் கண்டனர். தாய்ப்பாலை மட்டுமே உண்டு வந்த கைக்குழந்தைகள் அவை. சிரித்து விளையாடத் தொடங்கிய பிள்ளைகள் மெல்ல மெல்லச் சிரிப்பதை நிறுத்தின. தலை நிற்பதும் உட்காருவதும் மறந்துபோயின. கை கால் முட்டிகளில் கருமை படர்ந்தது. சிலவற்றுக்குக் கைகால்கள் தாமே நடுங்கின.

ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகிய நால்வரும் 1962இல் லான்செட் இதழில் இதன் காரணத்தை வெளியிட்டனர். தாயின் உடலில் வைட்டமின் பி12 இல்லை. ஆதலால் பாலிலும் இல்லை. பி12 செடிகொடிகளில் கிடைப்பதன்று. மீன், முட்டை, இறைச்சி, ஆவின்பால் ஆகியவற்றிலேயே கிடைப்பது. சைவ உணவினரான தாயர் ஆவின்பாலையும் வாங்க இயலாத ஏழைகளாயிருந்தால் இச்சத்தைப் பெற வழியே இல்லை. இத்தகைய குழந்தைகளுக்கு மிகச் சிறிய அளவு பி12 கொடுக்கப்பட்டதும் சோகை நீங்கி முகத்தில் உயிர் திரும்பியது.

பெரிபெரியில் கண்ட உண்மை இங்கே மீண்டும் வெளிப்பட்டது. தாயின் தட்டில் இல்லாதபோது பாலிலும் இல்லாமற்போகும் சத்துகள் சில உண்டு. தயமின், ரைபோபிளேவின், பி12, வைட்டமின் ஏ, அயோடின் ஆகியவை அவ்வகையின. தாய் உண்ணாவிடினும் அவள் உடலைக் கரைத்துப் பாலில் நிறைபவை வேறு சில. இரும்பு, சுண்ணாம்பு, போலிக் அமிலம் ஆகியவை இவ்வகையின. முதல் வகை குறைந்தால் குழந்தை இழக்கிறது. இரண்டாம் வகை குறைந்தால் தாய் இழக்கிறாள். நாம் கேட்ட கேள்விக்கு இதுவே அடிப்படையான விடை.

மாத்திரை வந்த வழி

இவ்வறிவு அரசுத் திட்டமாக மாறச் சில ஆண்டுகள் ஆயின. கருவுற்ற பெண்களுக்கு இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கும் திட்டத்தை நடுவணரசு 1970இல் தொடங்கியது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்து, அங்கன்வாடி வழியே கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் சத்துணவு கிடைத்தது. தமிழக அரசு 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேறு உதவித் திட்டத்தை ஏற்படுத்தியது. 2018 முதல் அதில் சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் முதலியவை அடங்கிய பெட்டகமும் சேர்ந்தது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி, கருக்காலத்தில் 180 நாள்கள் உண்ண வேண்டிய மாத்திரையைக் குழந்தை பிறந்தபின் மேலும் 180 நாள்கள் தாய் உண்ண வேண்டும். பாலூட்டும் தாயின் உடலை ஈடுசெய்வதும் நாட்டின் கடமை என்று ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அந்த இரண்டாம் 180.

வேலூரில் தொடங்கிய பி12 ஆய்வுக்குத் தொடர்ச்சியாக அமைந்தது பெங்களூர் ஆய்வு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1963இல் நிறுவிய தூய யோவான் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சி நிறுவனத்தில், கருவுற்ற 366 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான இரும்பு மாத்திரையோடு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் பி12 கொடுத்தனர். கருவின் தொடக்க வாரங்களிலிருந்து குழந்தை பிறந்த ஆறாம் வாரம்வரை இது நடந்தது. 2014இல் வெளியான முடிவு இது: அச்சத்தை உண்ட தாயரின் பாலில் பி12 மற்றவர் பாலினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது, அவர்தம் குழந்தைகளின் குருதியிலும் கூடியிருந்தது. கருக்காலத்தில் உண்டது பாலில் தங்குமா என்ற ஐயத்துக்கு, நம் திருச்சபையின் நிறுவனம் ஒன்றிலேயே இவ்வாறு விடை கிடைத்தது.

ஆயினும் மாத்திரை கையில் சேர்வது ஒன்று, வயிற்றில் சேர்வது வேறொன்று. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களுள் 48.3 விழுக்காட்டினர் இரத்தசோகையுற்றோர். குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று பல காரணங்கள் சொல்லி மாத்திரையைப் பரண்மேல் வைத்துவிடும் வீடுகள் நம்மிடையே உள்ளன. மலம் கறுப்பது இரும்பினால், அதில் தீங்கில்லை. பிள்ளையின் நிறத்தை மாத்திரை மாற்றுவதில்லை. குமட்டல் மிகுந்தால் எப்போது, எப்படி உண்பது என்பதைச் செவிலியரிடம் கேட்டறிய வேண்டும், தாமாக நிறுத்திவிடலாகாது.

நமக்குரிய கடமை

இப்போது கேள்விக்குத் திரும்புவோம். சத்து மாத்திரையால் பால் பெருகுமா? பாலைப் பெருக்குவது குழந்தையின் வாய். அடிக்கடி சப்பச் சப்பப் பால் ஊறும். மாத்திரை செய்வது வேறு பணி. சில சத்துகளைப் பாலில் சேர்க்கிறது. பாலுக்காகத் தாய் இழந்தவற்றை அவளுக்கே மீட்டுத் தருகிறது. மாத்திரை உண்ணவில்லை, ஆகவே என் பால் ஆகாது என்று எண்ணி டின்பாலுக்குத் தாவுவது பெரும் பிழை. ஏழைத் தாயின் பாலும் நல்ல பாலே என்பதைக் குன்னூர் ஆய்வு மெய்ப்பித்தது. டின்பால் விளம்பரத்தை இந்தியச் சட்டம் 1992லேயே தடைசெய்தது. 1995 மே திங்களில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தாய்ப்பாலைப் பற்றி ஆராயக் கூடிய அறிஞர்களை வத்திக்கானில் சந்தித்துப் பேசினார் என்பதையும் இங்கு நினைவுகூர்வோம்.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை அரியன அல்ல. தவக்காலத்திலும் நேர்ச்சைக் காலத்திலும் கருவுற்றோரும் பாலூட்டும் தாயரும் ஒருசந்தி இருப்பதை நாம் காண்கிறோம். இவர்களை நோன்புக் கடனிலிருந்து விலக்கி வைப்பதே திருச்சபையின் நெடுங்கால வழக்கு என்று அறநெறி இறையியல் வகுப்பில் கற்றோம். அவர்கள் பங்குக் குருவைக் கேட்டு மனஅமைதி பெறலாம். கஞ்சியை வடித்துக் கொட்டாமல் பொங்கிச் சமைக்கலாம். முருங்கையும் வேர்க்கடலையும் நம் மண்ணிலேயே விளைகின்றன. மீனோ முட்டையோ வீட்டுக்கு வந்தால் அதன் முதற் பங்கு கருவுற்றவளின் தட்டுக்குப் போகட்டும்.

இதில் ஆண்களுக்கே பெரும்பங்கு உண்டு. வெளிறிய முகத்தோடு மனைவி பரிமாற, குனிந்த தலையோடு உண்டு எழுகிற கணவன் அவள் என்ன உண்டாள் என்று ஒருமுறையேனும் கேட்க வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே பந்தியில் அமர வேண்டும். தன் உடலையே உணவாகக் கொடுப்பது எத்தகைய அன்பு என்பதை ஒவ்வொரு திருப்பலியிலும் நினைவுகூர்கிற மக்கள் நாம். அவ்வன்பை நம் அடுக்களையில் நாள்தோறும் செய்துகொண்டிருப்பவளுக்குச் சோறு ஆறுமுன் இலை போடுவோம்.